வேனிற்கால மேடையும் மீண்டு வரும் இளமையும்

இளமை மீண்டு வருமா என்னும் வினாவிற்குத் தமிழிலக்கியம் நெடுங்காலத்திற்கு முன்பே விடை கூறிவிட்டது. புறநானூற்றின் 243ஆம் பாட்டில், பூண் கட்டிய ஊன்றுகோலைப் பற்றி நிற்கும் முதியவர் ஒருவர், இருமலுக்கு இடையே சில சொற்களே பேச இயலும் நிலையில், தம் இளமையை நினைத்து இரங்குகிறார். மணலில் செய்த பாவைக்குப் பூச்சூட்டியதும், நீர்த்துறையில் சாய்ந்து நின்ற மருதக்கிளையில் ஏறிக் கரையிலிருந்தோர் வியக்கக் குதித்ததும், ஆழத்து மணலை அள்ளி வந்து காட்டியதும் அவர் நெஞ்சில் தோன்றி மறைகின்றன. அப்புலவரின் இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. அவர் பாட்டில் வரும் ஊன்றுகோலே தொடித்தலை விழுத்தண்டினார் என்று அவருக்குப் பெயராயிற்று. போன இளமை போனதுதான் என்பது அப்பாட்டின் துயரம்.

போனதை ஒரு மாலைப்பொழுதிற்கேனும் மீட்டுத் தருவதாகக் கூறி நுழைவுச்சீட்டு விற்கும் காலம் இது. 2023ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள், சென்னையை அடுத்த பனையூரில் ஏ.ஆர். ரகுமானின் இசை நிகழ்ச்சி ஒன்று நடைபெற்றது. அதற்கு இடப்பட்ட பெயர் 'மறக்குமா நெஞ்சம்'. பெயரே யாரை அழைத்தது என்பதைச் சொல்லிவிடுகிறது. 1992இல் 'ரோஜா' வெளிவந்தபோது கல்லூரியில் பயின்றவர்கள் அன்று ஐம்பது வயதின் வாயிலில் நின்றவர்கள். மனைவி மக்களோடு சென்றார்கள். ஆகஸ்டு மாதத்தில் நடக்க வேண்டியது மழையால் தள்ளிப்போய், செப்டம்பரில் நடந்தபோது, சீட்டு வாங்கியவர்களில் பலர் நெரிசலில் சிக்கி உள்ளே நுழைய இயலாமல் சாலையிலிருந்தே திரும்பினர். இசையமைப்பாளர் வருத்தம் தெரிவித்து, நுழைய இயலாதவர்கள் தங்கள் சீட்டின் படியை அனுப்பலாம் என்று அறிவிக்க நேர்ந்தது. குழந்தையின் கையைப் பற்றிக்கொண்டு கூட்டத்தில் தவித்த தந்தைக்குத் தம் இருபது வயது திரும்பியிருக்க வாய்ப்பில்லை.

அமெரிக்காவில் நடந்ததும் இதுவே. 1969 ஆகஸ்டு 15ஆம் நாள் தொடங்கி 18ஆம் நாள் காலைவரை, நியூயார்க் மாநிலத்தில் பெத்தேல் என்னும் ஊரின் பால்பண்ணை ஒன்றில் நடந்த உட்ஸ்டாக் இசை விழாவிற்கு ஏறத்தாழ நான்கு இலட்சம் பேர் வந்தனர். மழையும் சேறும் உணவுத் தட்டுப்பாடும் இருந்தும், அது ஒரு தலைமுறையின் இளமைக்கே பெயராக நிலைத்தது. அதை மீட்க 1994இல் முயன்றனர். 1999இல் மறுபடியும் முயன்றனர். 1999ஆம் ஆண்டு விழா தீவைப்பிலும் வன்செயலிலும் முடிந்தது. ஐம்பதாம் ஆண்டு நிறைவுக்காக 2019இல் திட்டமிட்ட விழா நடவாமலே கைவிடப்பட்டது. பெயரைத் திரும்பக் கொண்டுவர முடிந்தது. பாட்டையும் கொண்டுவர முடிந்தது. 1969ஐக் கொண்டுவர முடியவில்லை. 2016 அக்டோபரில் கலிபோர்னியாவின் இண்டியோ என்னும் பாலைநில ஊரில் பாப் டிலன், பால் மெக்கார்ட்னி முதலியோர் பாடிய விழாவிற்கு 'டெசர்ட் டிரிப்' என்றே பெயர் வைத்தனர். மேடையில் பாடியவர்கள் பெரும்பாலும் எழுபதைத் தொட்டவர்கள். கேட்க வந்தவர்களிலும் நரைத்த தலைகள் மிகுதி. இளமையைத் தேடி அவர்கள் பாலைக்குப் பயணம் போனார்கள்.

நமக்கு அப்பயணம் தேவையில்லை. பாலையே நம் ஊர். அருப்புக்கோட்டை, பந்தல்குடி, திருச்சுழி, நரிக்குடி, வீரசோழன் எனப் பரந்து கிடக்கும் இவ்வறண்ட நிலத்தில், கண்மாய்கள் சில மாதங்களே நீர் காண்கின்றன. குண்டாறு பெரும்பாலும் மணலாகவே கிடக்கிறது. விதைத்தது பொய்க்கும் ஆண்டில் சீமைக் கருவேலை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கிப் பிழைக்கிறார்கள். முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்தால் பாலை என்னும் வடிவம் கொள்ளும் என்று இளங்கோவடிகள் கூறுவது நமக்கு இலக்கணமன்று, அன்றாடம். பாலைக்குப் பிரிவே உரிப்பொருள் என்று முன்னோர் வகுத்ததும் அவ்வாறே. அருப்புக்கோட்டைத் தறிகளில் பயின்ற கைகள் திருப்பூருக்குப் போயின. திருச்சுழிப் பக்கத்து இளைஞர்கள் சிவகாசிக்கும் மதுரைக்கும் சென்னைக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போயினர். பிரிந்தவர்கள் கூடும் காலம் ஒன்று உண்டு. அது பங்குனியும் சித்திரையும். பாலைக்கு உரிய பெரும்பொழுதாக இலக்கணம் கூறும் வேனிற்காலமே, ஊர்ப் பொங்கல் நடக்கும் காலமாக அமைந்திருப்பதை நான் பலமுறை எண்ணி வியந்ததுண்டு. வெளியூரில் குடியேறி இருபது ஆண்டுகள் ஆனவரும் தலைக்கட்டு வரி கொடுத்துத் தம் பெயரைத் தக்க வைத்துக்கொள்கிறார். அவ்வரியில் ஒரு பங்கு மேடைக்குப் போகிறது. அம்மேடையில் எதை வைப்பது என்பது பற்றியே இக்கட்டுரையில் பேச விழைகிறேன். ஏனெனில் இன்று ஊர்க்கூட்டங்களில் சண்டை வருமளவு பேசப்படும் செய்தி அது.

முன்பு இதில் ஐயமே எழுந்ததில்லை. ஒருநாள் நையாண்டி மேளமும் கரகாட்டமும்; ஒருநாள் நாடகம். நாடகம் என்றால் ஸ்பெஷல் நாடகம். பெயரின் காரணத்தை இன்றைய மாணவர்கள் அறிந்திருக்க மாட்டார்கள். நிலையான குழு ஒன்று ஊர் ஊராகச் சென்று நடிப்பது கம்பெனி நாடகம். அவ்வாறின்றி, இந்த ஊருக்கு இந்த இரவுக்கு என்று ராஜபார்ட்டை ஓரிடத்திலிருந்தும், ஸ்திரீபார்ட்டை வேறோரிடத்திலிருந்தும், பபூனையும் டான்ஸ்காரரையும் பின்பாட்டுக்காரர்களையும் தனித்தனியே பேசி வரவழைத்து நடத்துவது ஸ்பெஷல் நாடகம். அவர்கள் மேடையில்தான் சந்திப்பார்கள். ஒத்திகை கிடையாது. கதை எல்லோருக்கும் தெரியும்; பாடல்கள் தெரியும்; எந்தச் சுருதியில் எடுப்பது, எங்கே நிறுத்துவது, எதிரில் நிற்பவர் தர்க்கத்தில் என்ன கேட்பார், அதற்கு என்ன மறுமொழி கூறுவது என்பவை மட்டும் தெரியா. நாரதர் வள்ளி தர்க்கம், வேலன் வள்ளி தர்க்கம் ஆகியவற்றைக் கேட்கவே பத்து மைல் நடந்து வந்தவர்கள் உண்டு. நாரதர் வள்ளியிடம் தோற்றுப்போன இரவுகளும் உண்டு. கதைப்படி யார் வெல்ல வேண்டுமோ அவரே வெல்வார் என்ற உறுதி மேடையில் இல்லை. புலமையும் குரலும் உள்ளவர் வெல்வார்.

இம்மரபை வகுத்துத் தந்தவர் சங்கரதாஸ் சுவாமிகள். தூத்துக்குடிக்கு அருகிலுள்ள காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்து 1922இல் மறைந்தவர். மதுரையில் 1918இல் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கியவர். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி என அவர் அமைத்துத் தந்த கதைகளே இன்றளவும் மேடைக்கு முதல். எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் வள்ளி திருமணத்தில் இணைந்து பாடிய காலத்தில் ஒலிபெருக்கி இல்லை. கொட்டகையின் கடைசி வரிசைவரை குரலே சென்றது. கிட்டப்பா 1933இல் மறைந்தபோது அவருக்கு முப்பது வயதும் நிரம்பவில்லை. நம் வட்டாரத்திற்கு இன்னும் நெருக்கமானவர் சிவகாசியில் 1886இல் பிறந்த தியாகி விசுவநாத தாஸ். நாடகத்தின் நடுவே விடுதலைப் பாட்டைப் பாடிப் பலமுறை சிறை சென்றவர். 1940 டிசம்பர் 31 இரவு, சென்னையில் முருகன் வேடத்தில் மயில் மீது அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே அவருடைய உயிர் பிரிந்தது. இவர்களுக்கெல்லாம் பின்னே ஹார்மோனியம் இருந்தது. அக்கருவியில் பெயர் பெற்றவர்களுள் காதர் பாட்சாவை நாடக உலகம் இன்றும் நினைவில் வைத்திருக்கிறது. முருகன் கதைக்கு இசுலாமியர் ஒருவர் சுருதி கூட்டினார் என்பதை யாரும் புதுமையாகக் கருதாத காலம் அது. 1940 முதல் 1971 வரை அகில இந்திய வானொலி ஹார்மோனியத்தை நம் இசைக்கு ஒவ்வாதது என்று வாசலுக்கு வெளியே நிறுத்தியிருந்தது. அந்த முப்பது ஆண்டுகளும் அது கரிசல் காட்டு மேடைகளில் விடிய விடிய ஒலித்தது. வானொலி நிலையத்தார் ஒருமுறை பங்குனியில் திருச்சுழிப் பக்கம் வந்து போயிருக்கலாம்.

இப்போது இளமைக்கு வருவோம். நாடகம் பார்க்க அமரும் கூட்டத்தில் மூன்று தலைமுறை உண்டு. முன்வரிசையில் சாக்கை விரித்துப் படுத்தும் எழுந்தும் பார்க்கும் சிறுவர்கள், நடுவில் பெண்கள், ஓரத்தில் கயிற்றுக் கட்டிலும் நாற்காலியும் போட்டு முதியவர்கள். ஒரு முதியவர் எழுந்து மேடையேறி, ராஜபார்ட்டின் சட்டையில் ரூபாய்த் தாளை ஊக்கால் குத்திவிட்டு, இன்ன பாட்டைப் பாடுங்கள் என்று கேட்பார். பெரும்பாலும் அவருடைய இருபது வயதில் வந்த பாட்டாக இருக்கும். பாடகர் அதை மறுப்பதில்லை. ஆனால் இசைத்தட்டில் கேட்டபடி பாடுவதும் இல்லை. கதையின் அந்த இடத்திற்கு ஏற்ப எடுத்து, ஹார்மோனியக்காரர் ஒருபடி மேலே இழுக்க, மிருதங்கக்காரர் வேறொரு நடைக்குத் திருப்ப, பழைய பாட்டு அங்கே புதிதாகப் பிறக்கும். கேட்ட முதியவரின் முகத்தை நான் கவனித்திருக்கிறேன். தாம் எதிர்பார்த்தது கிடைத்த மகிழ்ச்சி மட்டும் அன்று அது. எதிர்பாராத ஒன்றும் உடன் கிடைத்த வியப்பு. அதே நேரத்தில் சாக்கில் படுத்திருந்த சிறுவன் அப்பாட்டை வாழ்வில் முதன்முறையாகக் கேட்கிறான். அவனுக்கு அது பழைய பாட்டன்று.

இளமை திரும்பி வருகிறது என்று நாம் சொல்வது இதைத்தான் என்பது என் துணிபு. இருபது வயதில் ஒரு பாட்டு நம்மை ஆட்கொண்டதற்குக் காரணம் அப்பாட்டு மட்டுமன்று. அடுத்து என்ன வரும் என்று அறியாமல் நாம் கேட்டதும் ஒரு காரணம். அந்த அறியாமையை மீட்டுத் தரும் ஆற்றல், கண்ணெதிரே உயிரோடு பாடும் கலைஞருக்கே உண்டு. பதிவு செய்த பாட்டு நினைவைத் தரும். நினைவும் இளமையும் ஒன்றல்ல. தொடித்தலை விழுத்தண்டினாரிடம் நினைவு நிறைய இருந்தது. இல்லாதது மற்றொன்று.

நாகசுரத்திலும் இதையே காண்கிறோம். காருகுறிச்சி அருணாசலம் கோயில்பட்டியில் வாழ்ந்தவர், 1964இல் மறைந்தார். 1962இல் வெளிவந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு அவர் வாசித்த பாட்டு நாடெங்கும் அவர் பெயரைக் கொண்டு சென்றது. ஆனால் கரிசல் ஊர்களில் அவரை நேரில் கேட்ட பெரியவர்கள் அந்தப் படப்பாட்டைப் பற்றிப் பேசியதை நான் கேட்டதில்லை. இன்ன ஊர்த் திருமணத்தில் இன்ன இராகத்தை எத்தனை நாழிகை வாசித்தார் என்பதையே பேசுவார்கள். மல்லாங்கிணற்றில் பிறந்த எஸ். ராமகிருஷ்ணன், கரிசல் நில நாகசுரக் கலைஞர்களின் வாழ்வை 'சஞ்சாரம்' என்னும் நாவலில் எழுதினார். அதற்கு 2018இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. விருது கிடைத்தது நாவலுக்கு. மேளக்காரருக்குக் கிடைக்கும் முன்பணம் பற்றி ஊர்க்கூட்டத்தில் நடக்கும் பேரம் அப்படியே இருக்கிறது.

மாற்றம் எங்கே தொடங்கியது? 1976இல் 'அன்னக்கிளி' வந்த பிறகு, இசைக்குழுக்கள் பெருகின. எண்பதுகளில் அருப்புக்கோட்டையிலும் விருதுநகரிலும் பங்குனிப் பொங்கலுக்கு மெல்லிசைக் கச்சேரி இல்லையென்றால் இளைஞர்களுக்கு விழாவே இல்லை. தறிக்குழியில் அமர்ந்து இலங்கை வானொலியில் நாளெல்லாம் கேட்ட பாட்டை, கண்ணெதிரே ஒருவர் பாடக் கேட்பது பெரும் இன்பம். அதில் குறை கூற ஒன்றுமில்லை. ஊர் ஊராகப் போய் மேடையில் ஆர்மோனியப் பெட்டியோடு வளர்ந்தவர்தான் இளையராசா. தம் அண்ணன் பாவலர் வரதராசனின் குழுவில் அவர் பெற்ற பயிற்சி திறந்தவெளி மேடைப் பயிற்சி. ஆனால் அக்கச்சேரிகளைக் கேட்டவர்கள் ஓர் அளவுகோலைக் கையில் எடுத்தார்கள். ஒலிநாடாவில் உள்ளபடியே இருக்கிறதா என்பது அந்த அளவுகோல். புல்லாங்குழல் வரும் இடத்தில் புல்லாங்குழல் வர வேண்டும்; பாடகர் மூச்சு விடும் இடத்தில் மூச்சு விட வேண்டும். அப்படியே இருந்தால் கைதட்டல், இல்லையேல் சீட்டியொலி.

இந்த அளவுகோலைக் கையில் எடுத்த பிறகு மற்றவை தாமே நடந்தன. அப்படியே இருப்பதுதான் பெருமையென்றால், இருபது பேர் எதற்கு? வயலின்காரர்கள் நால்வரின் வேலையை ஒரு விசைப்பலகை செய்தது. பின்பு தபேலாவும் டிரம்சும் பெட்டிக்குள் போயின. பின்பு இசை முழுவதும் பதிவிலிருந்து ஒலிக்க, ஒருவர் மட்டும் ஒலிவாங்கியோடு நின்றார். முடிவில் பாடுவாரும் வேண்டாமென்று, பதிவுப் பாட்டுக்கு ஆடும் ஆடல்பாடல் நிகழ்ச்சி வந்து சேர்ந்தது. அதற்கு அனுமதி கேட்டு ஒவ்வொரு திருவிழாக் காலத்திலும் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் மனுக்கள் குவிகின்றன. விழாவுக்கு வந்த ஐம்பது வயதுக்காரர், தம் கல்லூரிக் காலத்துப் பாட்டைப் பெரிய ஒலிப்பெட்டியில் கேட்டு இளமை திரும்பியதாக மகிழ்ந்து வீடு திரும்புகிறார். மேடையில் பாடகர் ஒருவரும் இல்லை என்பதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

அவருடைய மகிழ்ச்சியைப் பறிக்க நான் முனையவில்லை. ஆனால் அவர் பக்கத்தில் நிற்கும் பதினைந்து வயதுப் பிள்ளையைப் பற்றி ஒரு கேள்வி எழுகிறது. மனிதர் தம் முதுமையில் மிகுதியாக நினைவுகூர்வது பத்து வயதிற்கும் முப்பது வயதிற்கும் இடைப்பட்ட காலத்தையே என்று உளவியலார் கண்டுள்ளனர். நினைவுக்கோட்டில் அப்பகுதி ஒரு மேடு போல உயர்ந்து நிற்கிறதாம். அம்மேடு இன்று யாருக்குக் கட்டப்படுகிறது? நமக்கு அது கட்டி முடிந்தாயிற்று. இனி ஏறி நின்று பார்ப்பதே வேலை. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இப்போதுதான் மண் கொட்டுகிறார்கள். இந்த ஆண்டுப் பொங்கலில் அவன் கண்ணெதிரே ஒருவர் தொண்டை நரம்பு புடைக்கப் பாடி, தர்க்கத்தில் தோற்று, அடுத்த பாட்டில் வென்று காட்டினால், நாற்பது ஆண்டு கழித்து அவன் திருப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ ஊர் திரும்புவதற்கு ஒரு காரணம் இருக்கும். அவனுடைய தந்தையின் இளமையை ஒலிப்பெட்டியில் கேட்டுக்கொண்டு நின்றதை அவன் எதற்காக நினைவில் வைத்திருக்கப் போகிறான்?

இதற்கு ஊரில் இரண்டு மறுப்புகள் சொல்வார்கள். இளைஞர்கள் நாடகம் பார்ப்பதில்லை என்பது ஒன்று. அவர்கள் பார்க்கும்படி எப்போது வைத்தோம்? இரவு பத்து மணிக்கு மேல் திரை விலகி, பபூனும் டான்சும் ஒரு மணிவரை பேசி, அதிலும் பாதி இரட்டைப் பொருளாகி, பெண்கள் எழுந்து போன பின்பு நல்ல பாட்டுத் தொடங்குகிறது. அந்த நேரத்தில் விழித்திருப்பவர்கள் முதியவர்களே. அவர்களுக்கு எப்படியும் உறக்கம் வருவதில்லை. பபூன் இல்லாமல் நாடகம் இல்லை என்பதை ஏற்கிறேன். நகைச்சுவையில் தேர்ந்த பபூன் ஊர் நியாயம் முழுவதையும் பேசிவிடுவார். ஆனால் இன்னது வேண்டாம் என்று முன்பணம் கொடுக்கும்போதே சொல்லும் உரிமை விழாக் குழுவினருக்கு உண்டு. சொன்னால் கேட்கும் கலைஞர்கள் இருக்கிறார்கள்.

சட்டம் இடம் தராது என்பது மற்றொன்று. இது மெய்யான தடை. ஒலி மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் 2000ஆம் ஆண்டு வந்தன. அவற்றின்படி இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணிவரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. பண்டிகை, கலைநிகழ்ச்சிகளுக்காக ஆண்டில் பதினைந்து நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவுவரை மாநில அரசு தளர்த்தலாம். 2005இல் உச்சநீதிமன்றமும் இவ்விதியை உறுதிசெய்தது. விடியும்வரை நடப்பதே இயல்பாகக் கொண்ட ஒரு கலைக்கு இது பேரிடி. நாடகக் கலைக்கு மட்டும் விலக்குக் கேட்க வேண்டும் என்பார் உளர். நான் அவர்களோடு உடன்படவில்லை. பங்குனி மாதம் மேல்நிலைப் பொதுத்தேர்வு நடக்கும் மாதம். நாளை காலை தேர்வெழுதப் போகும் மாணவியின் வீட்டுக் கூரைக்கு மேல் ஒலிபெருக்கியைக் கட்டிவிட்டுக் கலையைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்வதில் பொருளில்லை. மாலை ஏழு மணிக்குத் திரையை விலக்கினால் பத்து மணிக்குள் மூன்று மணி நேரம் கிடைக்கும். வள்ளி திருமணத்தின் இரண்டு தர்க்கங்களும் அதற்குள் தாராளமாக அடங்கும். விடிய விடிய நடந்தால்தான் நாடகம் என்று சொல்லும் பெரியவர்கள், விடியும்வரை தாங்கள் உட்கார்ந்திருந்த அந்த வயதையே நாடகம் என்று எண்ணிக்கொள்கிறார்கள். அந்த வயதை எந்த விழாக் குழுவும் தர இயலாது. குரலும் தர்க்கமும் ஹார்மோனியமும் தர இயலும்.

இன்னொன்று, நகரத்தார் செய்வதால் நம்மவர் மதிக்கக்கூடியது. 2007இல் தொடங்கிய சென்னை சங்கமம், சில ஆண்டுகளுக்குப் பின் நின்று, 2023இல் மீண்டும் தொடங்கப்பட்டது. பூங்காக்களிலும் கடற்கரையிலும் நையாண்டி மேளம் ஒலிக்கக் கேட்டு, இப்பக்கத்திலிருந்து போய்க் குடியேறியவர்கள் நின்று பார்க்கிறார்கள். அங்கே அது மாலை வேளையில்தான் நடக்கிறது. சிறுவர்கள் தோளில் அமர்ந்து பார்க்கிறார்கள். ஊரில் இருந்தபோது காசு கொடுத்து அழைக்கத் தயங்கிய மேளத்தை, ஊரை விட்டுப் போன பின்பு தொலைபேசியில் படம்பிடித்து உறவினருக்கு அனுப்புகிறார்கள்.

கலைஞர்களின் நிலையையும் சொல்லாமல் விட இயலாது. பங்குனி முதல் ஆடிவரை கிடைக்கும் இரவுகளே அவர்களுக்கு ஆண்டு முழுமைக்கும் சோறு. 2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு தொடங்கியபோது அந்த ஆண்டின் பருவம் அப்படியே போயிற்று. 2021இலும் பெரும்பகுதி போயிற்று. இரண்டு வேனில்கள் மேடையில்லாமல் கழிந்தபின், கட்டட வேலைக்கும் கடை வேலைக்கும் போனவர்களில் எல்லோரும் திரும்பவில்லை. நடிகராவது பிள்ளைகளுக்குச் சில பாடல்களைச் சொல்லித் தருகிறார். ஹார்மோனியத்தில் நாடகச் சுருதிகளை அறிந்து, எந்த நடிகர் எந்த இடத்தில் தடுமாறுவார் என்று முன்பே உணர்ந்து கைகொடுக்கும் பின்பாட்டுக்காரர் உருவாக இருபது ஆண்டுகள் வேண்டும். அப்படிப்பட்டவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். நாகூர் ஹனீபா முதுமையிலும் மேடையேறினார். அவர் 2015 ஏப்ரல் 8 அன்று மறைந்தபோது, அவருடைய ஒலிநாடாக்கள் எல்லா வீட்டிலும் இருந்தன. இருந்தும் அவர் மேடைகளைக் கேட்டவர்கள், இனி நேரில் கேட்க இயலாது என்றே வருந்தினார்கள். ஒலிநாடா இருக்கும்போது அந்த வருத்தம் எதற்கு என்று எண்ணிப் பார்த்தால், இக்கட்டுரையில் நான் கூற வந்தது விளங்கும்.

கல்லூரிகளின் தமிழ்த்துறைகளும் இதில் செய்யக்கூடியது உண்டு. சங்கரதாசரைப் பாடத்தில் இரண்டு மதிப்பெண் வினாவாக வைத்திருக்கிறோம். முத்தமிழ் விழாவில் பட்டிமன்றம் நடத்துகிறோம். தர்க்கத்திற்கும் பட்டிமன்றத்திற்கும் உள்ள உறவை மாணவர்கள் ஒருமுறையேனும் கண்ணால் காண வேண்டாமா? கதை ஒரு சமயத்துக்கு உரியது என்ற தயக்கம் இருக்குமானால், 'ஞானசௌந்தரி' போன்ற கிறித்தவக் கதையும் இதே மேடையில் இதே இசையில் நடிக்கப்பட்டது என்பதை நினைவில் கொள்ளலாம். மாணவர்கள் விடுமுறையில் தம் ஊருக்குப் போகும்போது, அங்குள்ள பழைய பின்பாட்டுக்காரர் ஒருவரைக் கண்டு அவர் வாசிப்பதைத் தொலைபேசியிலேயே பதிவு செய்து வரலாம். அது ஆவணத்திற்கு. மேடைக்கு அவரையே அழைக்க வேண்டும்.

நாடகம் பேச விரும்பும் துறையினரும் விழாக் குழுவினரும் மதுரையிலும் புதுக்கோட்டையிலும் உள்ள நடிகர் சங்கங்களில் கேட்கலாம். மாசி பிறக்கும் முன்பே நாள் குறித்து முன்பணம் கொடுத்துவிடுவது நல்லது; பங்குனி, சித்திரை மாதங்களில் நல்ல ராஜபார்ட்டுகளும் ஹார்மோனியக்காரர்களும் எளிதில் கிடைப்பதில்லை. திரை விலகுவது மாலை ஏழு மணிக்கு என்பதைப் பேசும்போதே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அவர்கள் பத்து மணி வழக்கத்தில் வந்து இறங்குவார்கள்.